பழைய வீட்டுப் பெயின்டில் ஈயம்: கொழும்பில் எந்தச் சோதனையை எப்போது செய்வது?

கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வாடகைக்கு ஒரு மேல்மாடி பார்த்தாள். பழைய காலத்து வீடு. முன்பக்கம் நீளமான விறாந்தை, மரக் கிராதி, ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு ஜன்னல்கள், ஓயாத கடற்காற்று. வாடகையும் கைக்கு அடங்கியது. வீட்டுக்கார அன்ரி, "நீங்கள் வர முதல் கதவு ஜன்னல் எல்லாத்தையும் சுரண்டி, புதுசா பெயின்ட் அடிச்சுத் தாறன் பிள்ளை" என்றார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. எனக்கு அந்தச் "சுரண்டி" என்ற சொல்லில்தான் பயம் பிடித்தது. மருமகளுக்கு அப்போது 14 மாதம். எதையாவது பிடித்து எழும்பி நிற்கிற வயது, பிடித்ததில் வாயை வைக்கிற வயது. ஜன்னலின் கீழ் விளிம்பு சரியாக அவள் வாய் உயரத்தில் இருந்தது.

ஜன்னலில் இருந்த பச்சைப் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? தேடத் தொடங்கியதும்தான் வழிகள் பல என்றும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்றும் புரிந்தது. தவறான சோதனைக்குக் காசு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது, சோதிக்காமல் விடுவதைவிட மோசம். அதே நிலையில் இருக்கிற வேறு குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். பெயின்டில் நாம் பயப்படுவது காரீயம். தங்கச்சி "பெயின்டில ஈயம் இருக்கலாம் அன்ரி" என்றபோது, "நாங்கள் சோறு வடிச்சதே ஈயம் பூசின பானையிலதானே" என்றார். அவர் சொன்னது உண்மை, ஆனால் உலோகம் வேறு. வீட்டுக்காரரோடு பேசப் போகிறவர்கள் இதை முதலிலேயே தெளிவாக்கிவிடுங்கள். இனி இங்கே ஈயம் என்று எழுதுவதெல்லாம் காரீயம்.

எது பழைய வீடு?

இணையத்தில் எங்கே பார்த்தாலும் 1978 என்ற ஆண்டு வரும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்த ஆண்டு அது. அங்கே 1940க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்கு 87இலும், 1940 முதல் 1959 வரை கட்டியவற்றில் 69இலும், 1960 முதல் 1977 வரை கட்டியவற்றில் 24இலும் ஈயப் பெயின்ட் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வீடு பழையதாகப் பழையதாக ஆபத்து கூடுகிறது. சரி.

அந்தக் கணக்கைக் கொழும்புக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இலங்கையில் பெயின்டுக்கு ஈய எல்லை வைத்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தரவு 2011இல் வர்த்தமானியில் வந்து, 2013 ஜனவரி 1 முதல்தான் அமுலானது. கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயின்டான எனாமலுக்குப் பத்து லட்சத்தில் 600 பங்கு, சுவருக்கு அடிக்கும் இமல்ஷனுக்கு 90 பங்கு என்று அது எல்லை போட்டது. அதற்கு முந்தைய எனாமல் எதையும் சோதிக்காமல் நம்ப எனக்கு மனம் வரவில்லை. 1930இல் கட்டிய கொட்டாஞ்சேனை வீட்டின் ஜன்னலுக்கு 2005இல் அடித்த பெயின்டிலும் ஈயம் இருந்திருக்கலாம். வெள்ளவத்தையில் 1998இல் எழும்பிய தொடர்மாடியின் பல்கனி கிரிலிலும் இருந்திருக்கலாம். ஆகவே வீடு எப்போது கட்டியது என்று மட்டும் கேட்காதீர்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் கிரிலுக்கும் 2013க்கு முன் எத்தனை தடவை எனாமல் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

சுவரைவிட மரமும் இரும்பும்தான் முக்கியம். நம் பழைய வீடுகளின் சுவர்களுக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும்தான் அதிகம் போனது. சுண்ணாம்பு வெள்ளையில் ஈயத்துக்கு வேலையில்லை. எண்ணெய்ப் பெயின்டில்தான் அது பல வேலைகளுக்குப் பயன்பட்டது. வெள்ளை நிறத்துக்கு ஈய வெள்ளை, மஞ்சளுக்கு ஈயக் குரோமேட், பச்சைக்கு அதே மஞ்சளோடு நீலம், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சாக ரெட் லெட் என்னும் ஈயச் சிவப்பு, எனாமல் சீக்கிரம் காய ஈயம் சேர்ந்த உலர்த்தி. ஆனால் கிரிலின் அடியில் சிவப்பைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெட் ஒக்சைட் இரும்புத் துருவின் நிறம்தான். ரெட் லெட் கொஞ்சம் செம்மஞ்சளாக இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. சமையலறையிலும் படிக்கட்டிலும் கீழ்ச்சுவருக்கு எனாமல் அடிக்கும் வழக்கம் இருந்த வீடுகளில் அந்தப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விறாந்தையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 1904இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர், தன்னிடம் வந்த பிள்ளைகளின் ஈய நஞ்சுக்குக் காரணம் வீட்டு விறாந்தைக் கம்பிகளின் பெயின்ட்தான் என்று எழுதினார். வெயில் பட்டுப் பட்டு அந்தப் பெயின்ட் மாவாகி, பிள்ளைகளின் கையில் ஒட்டி, வாய்க்குப் போனது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயின்ட் கூடாது என்று குயின்ஸ்லாந்து 1922இல் சட்டம் போட்டது. அதே வெயில், அதே விறாந்தை. நம் வீடுகளை நினைத்துக்கொண்டு வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

சோதனைக்கு முன் ஒரு கேள்வி

பதில் வந்த பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்? இதைத் தீர்மானிக்காமல் சோதனையைத் தெரிவு செய்ய முடியாது. பெயின்ட் எங்கே இருக்கிறது என்று அறிய ஒரு சோதனை. இன்றைக்குத் தரையில் பிள்ளைக்குப் படுகிற ஈயம் எவ்வளவு என்று அறிய இன்னொன்று. அமெரிக்காவில் இவை இரண்டும் இரண்டு தனி வேலைகள், இரண்டு தனி அறிக்கைகள். ஈயப் பெயின்ட் இருந்தும், உரியாமல் நல்ல நிலையில் இருந்தால், ஆபத்து குறைவாக இருக்கலாம். போன மாதம் யாரோ சுரண்டிய வீட்டில், பெயின்ட் முழுக்கப் போயும், தூசி இருக்கலாம்.

முதலில் கைக்குள் அடங்கும் குச்சி. பெயின்டில் தேய்த்தால் நிறம் மாறும் சோதனைக் குச்சிகள் இணையத்தில் விற்பனையாகின்றன. விலை குறைவு, பதில் உடனே. தங்கச்சிக்கு முதலில் பிடித்தது இதுதான். எனக்கும்தான். இவற்றில் பழகிய இரசாயனங்கள் இரண்டு. ரோடிசோனேட் ஈயம் பட்டால் இளஞ்சிவப்பாகும். சல்பைட் கறுக்கும். சிவப்புப் பெயின்டில் இளஞ்சிவப்பை எப்படிக் காண்பது? ஜிப்சம் கலந்த பூச்சுச் சுவரில் உள்ள சல்பேட் ரோடிசோனேட்டை மறைத்து, ஈயம் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். சல்பைட்டோ இரும்பு போன்ற மற்ற உலோகங்களுக்கும் கறுக்கலாம். கடற்காற்றில் துருவேறிய கிரிலில் அந்தக் கறுப்பை நம்ப நான் தயாரில்லை.

மேல்பூச்சை மட்டும் தேய்த்தால் மேல்பூச்சைப் பற்றி மட்டும்தான் தெரியும். பத்துத் தடவை அடித்த ஜன்னலில் ஈயம் இருப்பது அடியில். கூரான கத்தியால் மரம் தெரியும்வரை சரிவாக வெட்டி, எல்லாப் பூச்சும் விளிம்பில் வரிவரியாகத் தெரிய, அதன்மேல் தேய்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை.

இதைவிடப் பெரிய குறை எல்லைக்கோட்டில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மூன்று சோதனைப் பொதிகளைத்தான் ஏற்றுக்கொண்டது. அதுவும் பயிற்சி பெற்றவர் செய்து "இல்லை" என்று வரும்போது நம்புவதற்கு மட்டும். "இருக்கிறது" என்று வந்தால் எதையும் உறுதியாக ஏற்கவில்லை, பொய்யாக நிறம் காட்டுவது அதிகம் என்பதால். அந்த "இல்லை"யும் அமெரிக்கச் சட்ட எல்லையை வைத்துச் சரிபார்த்தது. பழைய பெயின்டுக்கு அங்கே எல்லை பத்து லட்சத்தில் 5,000 பங்கு. 2013இல் அமுலான நம் எனாமல் எல்லை 600. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெயின்டைப் பற்றி அந்தக் குச்சி எந்த உத்தரவாதமும் தரவில்லை. பிரபலமான 3எம் லெட்செக் குச்சியின் தயாரிப்பு 2023இல் நிறுத்தப்பட்டது. இன்னும் யாராவது விற்றால் திகதியைப் பாருங்கள். என் முடிவு இதுதான்: குச்சி நிறம் மாறினால் அதை எச்சரிக்கையாக எடுங்கள். மாறாவிட்டால் அதை வைத்துக்கொண்டு சுரண்டத் தொடங்காதீர்கள்.

அடுத்தது, பெயின்ட் துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பது. கொழும்பில் ஒரு சாதாரண குடும்பம் உண்மையாகச் செய்யக்கூடிய நல்ல சோதனை இது என்று நினைக்கிறேன். துண்டை அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் நிறமாலை போன்ற முறையில் ஈயத்தை அளப்பார்கள். "இருக்கு, இல்லை" என்பதோடு நிற்காமல் எண் கிடைக்கும். கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் உள்ள, ஐ.டி.ஐ என்று எல்லாரும் சொல்லும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் அரசாங்க நிறுவனம், இரசாயனப் பரிசோதனைக்குப் பெயர் போனது. தனியார் பரிசோதனை நிறுவனங்களும் நகரில் உண்டு. எங்கே போனாலும் முதலில் தொலைபேசியில் கேளுங்கள்: வீட்டிலிருந்து சுரண்டிய பெயின்ட் துண்டை எடுப்பீர்களா, எத்தனை கிராம் வேண்டும், எந்த அளவுக்குக் கீழே உங்களால் காண முடியாது, ஒரு மாதிரிக்கு எவ்வளவு, எத்தனை நாள்.

மாதிரி எடுப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மரம் தெரியும்வரை எல்லாப் பூச்சும் வர வேண்டும், ஆனால் மரத்தூள் சேரக்கூடாது. மரம் சேர்ந்தால் நிறை கூடி ஈயத்தின் பங்கு குறைந்து தெரியும். எடுக்கும்போது கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்து, பிள்ளையை வேறு வீட்டில் விட்டு எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பை, பையில் பெயர்: "முன் விறாந்தைக் கிராதி", "சமையலறை ஜன்னல் உள்பக்கம்" என்று.

அறிக்கையில் வரும் எண்ணை வாசிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: ஜன்னலில் பத்துப் பூச்சு, எல்லாம் ஒரே நிறை. அடியிலுள்ள இரண்டில் மட்டும் பத்து லட்சத்தில் 20,000 பங்கு ஈயம், மற்ற எட்டில் எதுவும் இல்லை. ஆய்வுகூடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்தால் அறிக்கையில் 4,000 என்று வரும். அமெரிக்க எல்லையான 5,000க்குக் கீழே என்று ஒருவர் சந்தோஷப்படலாம். ஆனால் அந்த இரண்டு பூச்சையும் பெயின்ட் அடிக்க வரும் பாஸ் சாண்ட்பேப்பரால் தேய்க்கும்போது பறப்பது 20,000தான். அதனால் ஆயிரக்கணக்கில் எந்த எண் வந்தாலும் எல்லைக்கோட்டைப் பார்த்து வாதாடாமல் ஈயப் பெயின்ட் என்றே நடந்துகொள்ளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சொல்: ஜன்னலை வெட்டுவதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். தானாக உரிந்து நிற்கிற இடமே பெரும்பாலும் கிடைக்கும். அங்கே எடுத்தால் மனஸ்தாபம் இல்லை, ஆனால் அடிப்பூச்சும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி. எக்ஸ்.ஆர்.எஃப் என்று சொல்வார்கள். செட்டியார் தெருவில் சில தங்கக் கடைகளில் நகையை ஒரு பெட்டிக்குள் வைத்து காரட் சொல்கிற இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம். எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எது, எவ்வளவு என்று சொல்லும். கையில் பிடிக்கும் துப்பாக்கி போன்ற வடிவில் பெயின்டுக்கென்று கருவி உண்டு. ஜன்னலில் வைத்தால் சில விநாடிகளில் வாசிப்பு. ஒரு கீறலும் இல்லை. பல பூச்சுக்கு அடியில் இருந்தாலும் பெரும்பாலும் ஈயத்தைக் காணும். அமெரிக்காவில் முறையான ஈயப் பரிசோதனை என்றால் பெரும்பாலும் இதுதான்: அறை அறையாக, கதவு, கதவு நிலை, ஜன்னல், விளிம்பு என்று ஒவ்வொன்றையும் அளந்து, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயப் பெயின்ட் என்று எழுதுவார்கள்.

இந்த எண்ணையும் ஆய்வுகூடத்தின் "பத்து லட்சத்தில் இத்தனை பங்கு" என்ற எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒன்று பரப்பளவுக்கு, மற்றது நிறைக்கு. பூச்சின் தடிப்பும் அடர்த்தியும் தெரியாமல் ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது. தங்கக் கடைக் கருவியில் ஜன்னல் துண்டை வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அது தங்கத்துக்காகச் சரிசெய்த கருவி. பெயின்டுக்கு அது சொல்லும் எண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயின்டுக்கான கருவியின் விலை பத்தாயிரக் கணக்கான டொலர்கள். எக்ஸ்ரே வெளிவிடுவதால் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் அனுமதியும் தேவைப்படும். வீடு வாங்கப் போகிறவர்களுக்கும், பழைய பங்களாவை ஹோட்டலாகவோ பாலர் பாடசாலையாகவோ மாற்றப் போகிறவர்களுக்கும் இதை விட நல்ல வழி இல்லை. இருநூறு இடங்களைச் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதைவிட ஒரு நாள் கருவியோடு ஒருவரை அழைப்பது மலிவு. கூப்பிடுகிறவரிடம், கருவி பெயின்டை அளக்கும் முறையில் இயங்குமா, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு என்று வாசிப்பு தருமா என்று கேளுங்கள். உலோகக் கலவை பார்க்கிற முறையில் மட்டும் ஓடும் கருவி இதற்கு உதவாது. இரண்டு அறை வாடகை வீட்டுக்கு இவ்வளவும் தேவையில்லை.

தூசியைத் துடைத்துப் பார்ப்பது

பிள்ளைகளுக்கு ஈயம் போகும் பிரதான வழி பெயின்டைக் கடித்துத் தின்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஜன்னல் திறந்து மூடும்போது மரத்தோடு மரம் உரசுகிறது. கதவு நிலையில் தட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத தூள் விளிம்பிலும் தரையிலும் இறங்குகிறது. தவழும் பிள்ளை கையால் அதைத் தொட்டு, கையை வாயில் வைக்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களின் உடல் எடுப்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடல் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையென்றால் இன்னும் கூடுதலாக.

தூசிச் சோதனை எளிது. தரையில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தை ஒரு ஈரத் துணியால் குறிப்பிட்ட முறையில் துடைத்து, துணியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. நம் வீடுகளில் ஓர் அடித் தரை ஓடு இருந்தால் அளவே எடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 2024இல் இறுக்கிய விதிப்படி, ஈய வேலை முடிந்த வீட்டுத் தரையில் ஒரு சதுர அடிக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழேயும், ஜன்னல் விளிம்பில் 40க்குக் கீழேயும் இருந்தால்தான் வேலை முடிந்ததாக ஏற்பார்கள். 5 மைக்ரோகிராம் எவ்வளவு? ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். அதை 8 லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு.

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். ஒரு சதுர சென்ரிமீற்றர், அதாவது விரல் நகம் அளவு பெயின்டில் 1 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்று வையுங்கள். அதை யாராவது தேய்த்து மாவாக்கிப் பரப்பினால், 200 சதுர அடித் தரையை அந்த 5 மைக்ரோகிராம் எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு ஜன்னலில் எத்தனை நகம் இருக்கிறது! அன்ரி நல்லெண்ணத்தோடு சொன்ன "சுரண்டி" எனக்கு ஏன் பயமாக இருந்தது என்று இப்போது புரியும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஈயம் எங்கிருந்து வந்தது என்று தூசி சொல்லாது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. காலி வீதி ஓரத்து மண்ணில் பழையது இன்னும் இருக்கலாம். செருப்போடு உள்ளே வருகிற தூசியும் துணியில் வரும். இன்று நன்றாகத் துடைத்த தரை இன்று சுத்தமாகவே காட்டும். ஆய்வுகூடத்திடம், "துணியில் எத்தனை மைக்ரோகிராம் வரை உங்களால் காண முடியும்?" என்று கேளுங்கள். 20க்குக் கீழே காண முடியாத ஆய்வுகூடம் "இல்லை" என்று எழுதித் தந்தால், 5ஐப் பற்றி அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை. இருந்தும் சிறு பிள்ளை ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பிள்ளைக்குப் படுவது இதுதான்.

இரத்தப் பரிசோதனையை இந்த வரிசையில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்கிறவர்கள் அதிகம். பிள்ளையின் இரத்தத்தை வைத்து வீட்டைச் சோதிப்பது தலைகீழான வேலை. அதில் ஈயம் தெரியும்போது ஈயம் உள்ளே போயாகிவிட்டது. பாதுகாப்பான அளவென்று ஒன்று அறியப்படவில்லை. ஆனால் சுரண்டும் வேலை நடந்த வீட்டில் பிள்ளை இருந்திருந்தால், அல்லது பெயின்ட் துகளை வாயில் வைப்பதைப் பார்த்திருந்தால், தாமதிக்காமல் பிள்ளை வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால் காரணத்தைத் தேடி நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அமெரிக்கா அதே ஆண்டில் மேல்நடவடிக்கைக்கான தன் குறிப்பு அளவை 3.5க்கு இறக்கியது. விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் தோலிலிருந்த தூசியும் கலந்திருக்கலாம், அதனால் கூடுதலாக வந்தால் நாளத்தில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.

சோதிக்காமலே விடுவது

இதுவும் ஒரு தெரிவு. "இருக்கிறது" என்று வைத்துக்கொண்டு, இருந்தால் எப்படி நடப்போமோ அப்படியே நடப்பது. அமெரிக்காவில் பழைய வீடு திருத்தும் ஒப்பந்தக்காரருக்கே சட்டம் இந்த வழியைத் தருகிறது. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் என்று சின்ன வேலைக்குச் சோதனைக் காசைப் பிளாஸ்டிக் விரிப்பிலும் நல்ல முகமூடியிலும் போடுவது புத்தியான செலவு. 2013க்கு முந்தைய எனாமல் இருக்கும் வீட்டில் என் சாய்வு இந்தப் பக்கம்தான்.

ஆனால் "இருக்கிறது என்று வைத்துக்கொள்வது" வாயளவில் நின்றுவிடக் கூடாது. காய்ந்த நிலையில் சாண்ட்பேப்பர் போடுவது கூடாது, தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். புளோ லாம்பால் எரித்து உரிப்பது அறவே கூடாது, ஈயம் புகையாக வரும். வேலை நடக்கும் அறையின் தரையை மூடி, வாசலுக்குத் திரை போட்டு, பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். சாதாரண வக்கூம் கிளீனரும் நுண்தூளைப் பின்பக்கத்தால் ஊதிப் பரப்பிவிடும். சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி என்று ஈரத் துணியால் துடைத்து, அலசும் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பெயின்ட் பாஸின் உடுப்பிலும் தலைமுடியிலும் தூள் ஏறும். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துணி முகமூடி போதாது, என்-95 தரத்துக்குக் குறையாத ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்து, உடுப்பு மாற்றிக் கழுவிக்கொண்டு போக ஓர் இடம் ஒதுக்குவது நம் கடமை.

இந்த வழி எப்போது பிழைக்கும்? முழு வீட்டையும் திருத்தும்போது. எல்லா இடத்திலும் ஈயம் என்று வைத்து வேலை செய்தால் செலவு ஏறும். உண்மையில் கிராதியிலும் ஜன்னலிலும் மட்டும் இருக்கலாம். அங்கே சோதனை காசை மிச்சப்படுத்தும். வீடு வாங்கும்போதும் அப்படித்தான், விலை பேசக் கையில் எண் வேண்டும்.

அப்படியானால் யாருக்கு எது? கைக்குழந்தையோடு ஏற்கெனவே குடியிருப்பவர்கள் முதலில் தூசியையும், உரிந்து நிற்கும் இரண்டு மூன்று இடத்துப் பெயின்டையும் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். பொங்கலுக்கு முன் கிரிலுக்குப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் சோதனையை விட்டுவிட்டு ஈரமாக வேலை செய்யுங்கள். வீடு வாங்குகிறவர்களும் பாலர் பாடசாலை நடத்துகிறவர்களும் எக்ஸ்ரே கருவியைத் தேடுங்கள். குச்சியை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

நாங்கள் செய்தது இது. அன்ரியிடம் நானே போய்ப் பேசினேன். முதலில் அவருக்கு மனம் நொந்தது, தன் வீட்டைக் குறை சொல்கிறோம் என்று. "இந்த வீட்டை மட்டும் சொல்லேல்லை அன்ரி, கொழும்பில எந்தப் பழைய வீட்டுக்கும் இதுதான்" என்றேன். உரிந்த இடங்களில் நான்கு மாதிரி எடுக்கச் சம்மதித்தார், அரைவாசிக் காசையும் தானே தந்தார். சுவர்ப் பூச்சில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு கிரிலும் சரி. விறாந்தைக் கிராதியும் பச்சை ஜன்னலும் 5,000ஐத் தாண்டின.

ஜன்னல் கதவுகளைக் கழற்றி வெளியே தச்சுப்பட்டறைக்கு அனுப்பினோம். கிராதி நல்ல நிலையில் இருந்ததால் சுரண்டாமல் ஈரத் துணியால் துடைத்து, மேலே புதுப் பூச்சுப் போட்டு, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரம்வரை வலைத் தகடு அடித்தோம். ஜன்னலின் உரசும் விளிம்புக்கு அந்த முறை சரிவராது. உரச உரசப் புதுப் பூச்சும் சேர்ந்து போய்விடும். வேலை முடிந்து மூன்று தடவை துடைத்த பிறகு எடுத்த தூசியில், கூடத்துத் தரை 5க்குக் கீழே வந்தது. முன் அறை ஜன்னல் விளிம்பு 40ஐத் தாண்டியது. அதை மறுபடி கழுவி மறுபடி அனுப்பினோம். இரண்டாவது அறிக்கை வந்த பிறகுதான் தங்கச்சி தொட்டிலைக் கொண்டுபோனாள். இரண்டு அறிக்கையையும் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரே கோவையில் வைத்திருக்கிறாள். ஒரு பிரதி அன்ரியிடம் இருக்கிறது. கீழ் வீட்டுக்கு வரப்போகிற குடும்பத்துக்கும் காட்ட வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார்.